வெக்கைப் பக்கம்

அம்புறோஸ் ஜேர்மன் மொழியில் தடுமாறாமல் சொல்லக்கூடிய வசனங்கள் நாற்பதுக்கு மேல் இராது. அவற்றில் அவன் முதலில் கற்றது வணக்கமும் அல்ல, வழி கேட்பதும் அல்ல. ‘தாள் எப்போதும் வெக்கைப் பக்கம்’ என்பதுதான். எண்பத்தெட்டாம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில், நுரை பீச்சும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால், ஸ்ட்ராற்மான் அவனுடைய காதுக்குள் மூன்று தரம் கத்திச் சொன்ன வசனம் அது. ஸ்ட்ராற்மான் வேலைத்தலத்தின் பொறுப்பாளர்; மைஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எதையும் மூன்று தரம் சொல்வார். நாலாவது தரம் சொல்ல வேண்டி வந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆகையால் அம்புறோஸ் அந்த வசனத்தைச் செபம்போலப் பாடமாக்கிக்கொண்டான். அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். எட்டு வருடமாக அர்த்தத்தைப் பார்க்கவேண்டிய தேவை வரவில்லை.

அவர்களுடைய கொம்பனி சின்னது. இறைச்சி, மீன், ஐஸ்கிறீம் வைக்கிற குளிர்க் களஞ்சியங்களுக்குச் சுவர் செய்வதுதான் தொழில். களஞ்சியத்தின் உள்ளே தண்ணீர் கல்லாகும் குளிர். வெளியே ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு நடமாடும் மண்டபம். வெளிக்காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். அது சுவரின் சின்னச் சின்ன நீக்கல்களுக்குள்ளால் குளிரைத் தேடிப் போகும். குளிரைத் தொட்ட இடத்தில் தண்ணீராகிவிடும். குளிரைக் காக்கச் சுவருக்குள் வைக்கிற கண்ணாடிப் பஞ்சு தண்ணீர் பட்டால் பிறகு பஞ்சு அல்ல, நனைந்த சாக்கு. அதனால்தான் வெளிப்பக்கத்தில், அதாவது வெக்கைப் பக்கத்தில், ஈரம் புகாத வெள்ளித்தாளை ஒட்டுவார்கள். அதற்குப் பின்னால்தான் நுரையும் பஞ்சும். அம்புறோஸ் ஒட்டிய தாளில் ஒரு சுருக்கம் இராது. மைஸ்டரே அதைச் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு தரம்.

மன்னாரில் பிறந்தவனுக்கு இதில் விளங்காமற்போக எதுவும் இல்லை. வெக்கை என்றால் வெளியில். வீட்டுக்குள் வருவதே அதற்குத் தப்பத்தான்.

அவன் பேசாலை மாதா கோயிலில் கொறற்றியைக் கைப்பிடித்தது எண்பத்துநாலு மாசியில். சேர்ந்து இருந்தது ஒன்பது மாதம். அதற்குப் பிறகு ஆமியின் சுற்றிவளைப்புகளால் அங்கே இளம் ஆண்பிள்ளைகள் இருக்க ஏலாமல் போயிற்று. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மற்றவர்களைப் போலவே மேற்குப் பக்கம் போகும் ரயிலைப் பிடித்து, கடைசியில் வுப்பர்டாலில் வந்து நின்றான். பிறகு அகதி வழக்கு, மேன்முறையீடு, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நீட்டித் தருகிற விசா. தொண்ணூற்றாறு வைகாசியில்தான் மனைவியைக் கூப்பிடக்கூடிய விசா கைக்கு வந்தது. கொறற்றி அதற்கு முன்னரே கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில், வேறு நாலு பெண்களோடு ஒரே அறையில் காத்திருந்தாள்.

கூப்பிடலாம்தான். ஆனால் அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு சதுர மீற்றர், இரண்டு பேருக்கு இருபத்துநாலு. ஆள் குடியிருக்கத் தகுந்த உலர்ந்த இடமாக இருக்கவேண்டும். வந்து அளந்து பார்ப்பார்கள். அம்புறோஸ் இருந்தது கிளாப்றோத் என்பவருடைய வீட்டில், கூரைக்குக் கீழே உள்ள மேல்தட்டில். அதன் முன்பாதி பதினைந்து மீற்றர் வரும். பின்பாதி பழைய சாமான் போடுகிற இடம். அதன் முடிவில் நாலு மீற்றர் அகலத்தில் ஒற்றைச் செங்கல் சுவர். வெளிப்புறத்தில் மழைக்காகப் பள்ளிக்கூடச் சிலேற்றுப் போன்ற கருந்தகடுகள் அடித்திருந்தார்கள். பனிக்காலத்தில் அங்கே வைத்த தண்ணீர்ப் போத்தல் உறைந்துவிடும். வேறு வீடு தேடவில்லையா என்றால், தேடினான். தொலைபேசியில் அவனுடைய குரலைக் கேட்டவுடனேயே எல்லா வீடுகளும் கொடுபட்டுப் போயின.

பின்பாதியைத் திருத்தி எடுத்தால் மொத்தம் இருபத்துநாலு தசம் மூன்று. பத்துச் சென்ரிமீற்றர் மரச்சட்டம் அடித்து, பஞ்சு வைத்து, பலகை மூடிய பிறகும் அவ்வளவு வரும். அந்தச் சுவர் இன்னும் எட்டுச் சென்ரிமீற்றர் உள்ளே வந்தால் இருபத்துநாலுக்குக் கீழே இறங்கிவிடும். இதைச் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் பல தரம் பெருக்கிப் பார்த்தான். கிளாப்றோத் சம்மதித்தார். வேலை உன்னுடையது, சாமான் உன்னுடையது, சுவர் என்னுடையது என்பதை மறக்காதே என்றார்.

அந்தக் கோடை முழுவதும் வேலை முடிந்து வந்து வேலை செய்தான். பகல் நீண்டு கிடக்கிற மாதங்கள். பின்சுவர் மேற்குப் பார்த்த சுவர். பின்னேர வெயில் நேராக அதில் விழும். தாளை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று அவன் யோசிக்கவேயில்லை என்று சொல்ல ஏலாது. ஒரு கணம் யோசித்தான். யோசித்துவிட்டுச் செங்கல்லில் கையை வைத்துப் பார்த்தான். சுட்டது. பிறகு என்ன சந்தேகம்? வெள்ளித்தாளைச் செங்கல்லோடு ஒட்டினான், ஒரு சுருக்கம் இல்லாமல். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பஞ்சு, பஞ்சை மூடிப் பலகை, பலகைக்கு வெள்ளைப் பூச்சு. எல்லாம் முடிந்த அன்று கதிரையைப் போட்டு அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் இருந்தான். கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை.

அதனால் கசெற்றில் காட்டினான். தொலைபேசியில் மூன்று நிமிடம் போதாது என்று இரண்டு பேரும் எப்போதோ கசெற்றுக்கு மாறியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் யன்னலைச் சாத்திவிட்டு, தெருச் சத்தம் வராமல், ரேப் ரெக்கோடரை மேசையில் வைத்துக் கதைப்பான். சுவரைத் தட்டி அந்தச் சத்தத்தையும் பதிந்து அனுப்பினான். ஒரு மாதம் கழித்துக் கொறற்றியின் குரல் வந்தது. அவளுடைய குரலில் எப்போதும் லொட்ஜின் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்திருக்கும். ஒரு அலுமாரி வேணும், இரண்டு கதவு வைச்சது, அதைப் புதுச் சுவரோட வையுங்கோ, மற்றச் சுவர்கள் சரிவெண்டு சொன்னனீங்கள்தானே என்றாள். அவளைப் பற்றிய செய்திகளில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த இரண்டு கதவு அலுமாரி மட்டுந்தான். பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றி மாடிக்கு ஏற்றி, புதுச் சுவரோடு ஒட்டினாற்போல் நிறுத்தினான்.

மார்கழி தொடங்கி ஒரு சனிக்கிழமை காலை, கீழே விழுந்த பொத்தானைத் தேடி அலுமாரிக்கு அடியில் கையை விட்டபோது கை நனைந்தது. அலுமாரியை நகர்த்தினான். பலகையின் அடி நெடுகத் தேயிலைச் சாயம்போல ஒரு கோடு. அதற்கு மேல் மூலையில், ஒரு சாண் அளவுக்கு, கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். சுவரை விரலால் அழுத்தினான். பலகை பிஸ்கற்போல அமிழ்ந்தது.

மழை, என்று முடிவு கட்டினான். அந்த ஊரில் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். சிலேற்றுத் தகடுகளுக்குள்ளால் இறங்கியிருக்கிறது. அடுத்த நாளே கிளாப்றோத்தின் ஏணியை எடுத்து, வேலையில் மிஞ்சிய நுரைப் போத்தலோடு ஏறி, வெளிப்பக்கத்து நீக்கல் எல்லாவற்றையும் அடைத்தான். ஒரு எறும்பு புக இடம் வைக்கவில்லை. கைகள் விறைத்து இறங்கியபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

நத்தார்ப் பண்டிகையோடு மழை நின்றது. அதற்குப் பிறகு பிடித்த குளிர் அவன் அந்த நாட்டில் அதுவரை கண்டிராத குளிர். வுப்பர் ஆற்றின் ஓரங்கள் உறைந்தன. மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலின் கண்ணாடிகளில் பனிப் பூ. மூன்று கிழமையாக வானத்திலிருந்து ஒரு துளி விழவில்லை. சுவரோ முன்னைவிட மோசமாக நனைந்தது. கோடு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. மழையே இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காலையில் எழும்பியதும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பான். அதே கிழமையில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டெர்மின், அதாவது குறித்த நாள், பெப்ரவரி பதினெட்டு, செவ்வாய், காலை பத்து மணி. வீட்டைப் பார்க்க வருவார்கள்.

பீலிக்ஸ் வந்து பார்த்தான். ஷோனெஃபெல்ட்டில் அவனோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்துப் பொடியன்; இப்போது ஒரு உணவகத்தில் சமையல். சுவரை முகர்ந்துவிட்டுச் சுலபமாக ஒரு வழி சொன்னான்.

"அண்ணை, இதுக்கேன் தலையை உடைக்கிறியள்? மேலால வெள்ளையை அடியுங்கோ. அலுமாரியைத் திருப்பி முன்னால தள்ளிவிடுங்கோ. அளக்க வாறவை அலுமாரிக்குப் பின்னாலயா பாக்கப் போகினம்?"

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகென்ன, அக்கா வந்திடுவா."

"அவ வந்து இதைத்தானே மூச்சு விடப்போறா" என்றான் அம்புறோஸ்.



மைஸ்டரிடம் கேட்பதற்கு மட்டும் மனம் வரவில்லை. எட்டு வருடம் ஈரத்துக்குச் சுவர் கட்டினவன் தன்னுடைய சுவரிலேயே ஈரம் என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் இடைவேளையில், கோப்பிக் குவளையைப் பார்த்தபடி, தனக்கு ஒரு நண்பர் இருக்கிறார் என்று தொடங்கினான். அந்த நண்பரின் அறையில், கூரைக்குக் கீழே, இப்படி இப்படி. ஸ்ட்ராற்மான் பாணைக் கடித்தபடி கேட்டார். பஞ்சு எத்தனை சென்ரிமீற்றர், சுவர் என்ன சுவர், அலுமாரி எங்கே என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியாக, தாள் எங்கே என்றார்.

"வெக்கைப் பக்கம்" என்றான் அம்புறோஸ். அது அவனுக்குத் தடுமாறாமல் வருகிற வசனம்.

"எது வெக்கைப் பக்கம்?"

"வெளி."

அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. மைஸ்டர் கையிலிருந்த பாணை யன்னல் பக்கம் நீட்டினார். வெளியே மரங்களில் பனி கல்லாக இறுகிக் கிடந்தது. பாரவண்டிக்காரன் ஒருவன் தன் வண்டியின் பூட்டை மெழுகுதிரியால் இளக்கிக்கொண்டிருந்தான்.

ஸ்ட்ராற்மான் சிரிக்காமல் கேட்டார். "உன் நண்பர் ஒரு நல்ல குளிர்க் களஞ்சியம் கட்டியிருக்கிறார். உள்ளே என்ன வைத்திருக்கிறார், பன்றியா மீனா?"

"அவர்தான் இருக்கிறார்" என்றான் அம்புறோஸ்.

பிறகு ஸ்ட்ராற்மான் விளக்கியது முழுவதையும் அவன் அன்று பின்னேரம் ரயிலில் வரும்போது ஒவ்வொரு தரிப்பாகத் தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். இந்த நாட்டில் வெக்கைப் பக்கம் வீட்டுக்குள். ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து போகிறது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு மூச்சாலும் வேர்வையாலும் சமையலாலும் குளிப்பாலும் இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரைக் காற்றில் விடுகிறான். அது பலகைக்குள்ளால், பஞ்சுக்குள்ளால் போய், குளிர்ந்து கிடக்கிற வெள்ளித்தாளில் முட்டி, தண்ணீராகி, பஞ்சுக்குள் திரும்ப வடிகிறது. யன்னல் திறப்பதில்லையா என்று மைஸ்டர் கேட்டிருந்தார். நண்பர் திறப்பதில்லை என்று அம்புறோஸ் சொன்னான். ஏன் என்பதைச் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் படியில் எதிர்ப்பட்ட கிளாப்றோத் மேலே மூக்கைக் காட்டி, மணக்கிறது என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அது நல்ல மணமா கெட்ட மணமா என்று அந்தச் சொல்லில் இல்லை. அன்றிலிருந்து அம்புறோஸ் யன்னலைச் சாத்தி, கதவின் அடியில் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் உலை வைப்பான், புட்டவிப்பான், கறி தாளிப்பான். அந்த ஆவி எல்லாம் போக வேறு இடம் இருக்கவில்லை.

வேலைக்குத் திரும்பும்போது மைஸ்டர், பழைய வேலைத்தலத்தில் மிஞ்சிய நுரைக் கலன்கள் அரைவாசி கிடக்கிறது, தேதி முடிந்தால் எறியத்தான் வேண்டும் என்றார். அடுத்த சனிக்கு அடுத்த சனி இயந்திரத்தோடு வருவதாக நண்பரிடம் சொல் என்றார். அதற்கு முதல் எல்லாவற்றையும் பிடுங்கிச் செங்கல்லை உலர்த்தி வைக்கவேண்டும். ஈரச் செங்கல்லிலும் குளிர்ந்த செங்கல்லிலும் நுரை பிடிக்காது; பிடித்தாலும் பிறகு தோல்போலக் கழன்றுவிடும்.

சனிக்கிழமை பீலிக்ஸ் உதவிக்கு வந்தான். பலகையைக் கழற்றியதும் பஞ்சு தன் பாட்டில் சரிந்து விழுந்தது. மஞ்சளாக வைத்த பஞ்சு கீழ்ப்பாதியில் சேற்று நிறம். வெள்ளித்தாள் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டிய தாள். அதைக் கிழிக்கும்போது அம்புறோஸின் கை தயங்கியது. பீலிக்ஸ் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து வாளிக்கு மேலே பிழிந்தான். ஊற்றியது. மைஸ்டர் சொன்ன கணக்கை அம்புறோஸ் அவனுக்குச் சொன்னான், மூச்சு, சமையல், லீற்றர் எல்லாம்.

பீலிக்ஸ் வாளியை எட்டிப் பார்த்தான். "இவ்வளவும் உங்கட மூச்செண்டால், தனிய இருக்கிற மனிசன் நீங்கள் ஆரோட அண்ணை இவ்வளவு கதைச்சனீங்கள்?"

பகிடியாகத்தான் கேட்டான். அம்புறோஸும் சிரிக்கப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக் கசெற்றுகள் நினைவுக்கு வந்தன. ஒரு வருடத்தில் பன்னிரண்டு, இரண்டு பக்கமும். பிறகு சத்தமாகச் சொன்ன செபமாலைகள், கறிச்சட்டியோடு கதைத்த கதைகள், டெர்மினுக்குப் போகுமுன் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்த ஜேர்மன் வசனங்கள். எல்லாம் எங்கேயோ காற்றோடு போயிற்று என்றுதான் அவன் நினைத்திருந்தான். போகவில்லை, இரண்டு முழத்துக்கு அப்பால் சுவருக்குள் நின்றிருக்கிறது. பீலிக்ஸ் போன பிறகு வாளியைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் ஊற்ற அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உலர்த்துகிற கிழமை பொல்லாத கிழமை. இரவல் சூடாக்கி இரண்டைச் சுவரைப் பார்க்க வைத்து, காலையும் மாலையும் யன்னலை முழுக்கத் திறந்துவிட்டான். ஓவர்கோட்டோடு இருந்து சோறு தின்றான். வெளிப்பக்கம் அடைத்த நுரையையும் திரும்ப ஏணியில் ஏறிக் கத்தியால் கீறி எடுத்தான். தகடுகளுக்குப் பின்னால் காற்று ஓடவேண்டும் என்று மைஸ்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் கிளாப்றோத் மேலே வந்துவிட்டார். தெருவையா சூடாக்குகிறாய் என்றார். அம்புறோஸ் சுவரைக் காட்டினான். நடந்ததை நாற்பது வசனத்துக்குள் சொல்லப் பார்த்தான். யன்னலை ஏன் திறக்காமல் இருந்தாய் என்று கிளாப்றோத் கேட்டபோது, வேறு வழியில்லாமல், மணம் என்றான். அந்தப் படிக்கட்டு விஷயம் அவருக்கு நினைவிலேயே இல்லை. செங்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மணம் போய்விடும், தண்ணீர் போகாது" என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்தரை வருடம் சாத்திக் கிடந்த யன்னல்.

சொன்ன சனிக்கிழமை ஸ்ட்ராற்மான் வந்தார். நாலு மாடிக்கும் குழாயை இழுத்து ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கியபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில் ஒன்று, கதிரை ஒன்று, கோப்பை ஒன்று, நடுவில் துணி மூடிய இரண்டு கதவு அலுமாரி.

"உன் நண்பர் வீட்டில் இல்லையா?"

"வெளியே போய்விட்டார்."

"பரவாயில்லை. அவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் முடிப்போம்."

முகமூடி போட்டுக்கொண்டு, திரும்ப அடித்திருந்த சட்டங்களுக்கு நடுவே செங்கல்லிலேயே நேராகப் பீச்சினார். மெல்லிய தூறலாக விழுந்த நுரை, உலையில் பால்போலப் பொங்கி எழும்பி, ஐந்து சென்ரிமீற்றரில் நின்று இறுகியது. இனிக் காற்று குளிர்ந்த செங்கல்லைத் தொட வழியில்லை. தொடக்கூடியது நுரையின் முகம், அது அவ்வளவு குளிராது. எல்லாவற்றையும் நுரையாலேயே நிரப்பினால் என்ன என்று அம்புறோஸ் கேட்டான். இருக்கிற கலன் அவ்வளவுக்குக் காணாது, மிச்சம் ஐந்துக்குப் பஞ்சு போதும் என்றார். சுவர் பழைய பத்துச் சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பஞ்சை அமர்த்தித் திணிக்காதே, ஐந்துக்கு ஐந்தாக வெட்டி வை என்றார். பஞ்சில் வேலை செய்வது அதற்குள் நிற்கிற காற்றுத்தான். அமர்த்தினால் வெறும் கண்ணாடி.

கடைசியாக அறைப்பக்கம் மூட, அம்புறோஸ் வெள்ளித்தாள் உருளையைத் தூக்கினான். இந்த முறை சரியான பக்கம். மைஸ்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, வண்டியிலிருந்து கொண்டுவந்த மண்ணிறக் கடதாசி உருளையைக் கொடுத்தார். வெள்ளித்தாளின் பெயர் தடை. இதன் பெயர் பிரேக் என்றார். பின்னால் நுரை ஏற்கெனவே பாதி வழியை மூடியிருக்கிறது. முன்னாலும் தடை போட்டால், ஒரு ஆணித் துவாரத்தால் தவறிப் புகுந்த ஈரம் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, எந்தப் பக்கமும் போக முடியாமல் அங்கேயே அழுகும். பிரேக் அப்படியல்ல. வருகிறதை மெதுவாக வர விடும், கோடையில் மெதுவாகத் திரும்பிப் போகவும் விடும்.

தடை என்றால் அம்புறோஸுக்கு நன்றாகவே தெரியும். மன்னார்ப் பாலத்தடியில் தடை, கொழும்புக்குப் போகிற வழியெல்லாம் தடை, இங்கே அலுவலகங்களில் தடை. பிரேக் என்ற சொல்லைச் சுவருக்குச் சொல்லி அவன் கேள்விப்பட்டதில்லை. கடதாசியின் ஓரங்களை ஒட்டும்போது அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

போகும்போது ஸ்ட்ராற்மான் தன் பையிலிருந்து வட்டமான சின்ன மானி ஒன்றை எடுத்துச் சுவரில் மாட்டினார். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற முள். ஐம்பதைச் சுற்றி நிற்கட்டும், அறுபதைத் தாண்டினால் யன்னலைத் திற, ஐந்து நிமிடம், முழுக்க என்றார். இதை உன் நண்பருக்கு மூன்று தரம் சொல் என்றார்.

பெப்ரவரி பதினெட்டு காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. வந்தது நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் மடிப்பு அளவுகோலும் படிவமும். அம்புறோஸ் பாடமாக்கி வைத்திருந்த வசனங்களில் ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் கேள்வியே கேட்கவில்லை. அளந்தாள், எழுதினாள், திரும்ப அளந்தாள். பிறகு நேராக அலுமாரியிடம் போய், தோளைக் கொடுத்து ஒரு முழம் நகர்த்தி, அதன் பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அம்புறோஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதைச் செய்தது யார்?" என்று கேட்டாள்.

"ஒரு நண்பர்" என்றான்.

இருபத்துநாலு தசம் இரண்டு என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்: உலர்வு.

கடதாசி வேறு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கொழும்புத் தூதரகத்துக்குப் போய் வர எட்டு மாதம் எடுத்தது. கோடை வந்தது, போனது. அம்புறோஸ் யன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தான். கீழே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மானியின் முள் நாற்பத்தெட்டில் நின்றது. வேலைக்குப் போகுமுன் நாற்பத்தெட்டு, வந்த பிறகும் நாற்பத்தெட்டு, எப்போதாவது நாற்பத்தொன்பது. ஒரு ஆள் இருக்கிற அறைக்கு அது நல்ல இலக்கம். சுவரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த முள் அசையாமல் நிற்பதைப் பார்க்க அவனுக்குச் சில நாட்களில் ஒரு மாதிரி இருக்கும். கிட்டப் போய் அதன்மேல் மூச்சை ஊதி, ஐம்பத்திரண்டுக்கு ஏறி, மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

கொறற்றி ஐப்பசி கடைசியில் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் முதலில் வேறு ஒரு பெண்ணைப் பார்த்துக் கையசைத்துவிட்டான். பன்னிரண்டு வருடத்துக்கு மேல். கசெற்றில் அவ்வளவு கதைத்தவள் நேரில் கதைக்கவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை என்றாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் இல்லாததால் அவனுக்கு வேறு யாரோ கதைப்பதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, கொண்டுவந்த ஏழு உடுப்பையும் ஒரு பக்கத்தில் தூக்கிவிட்டு, மற்றப் பக்கத்தைச் சாத்தினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். களைப்பில் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவன் எழும்பியபோது யன்னல் கண்ணாடி கீழ்வரை வெளுத்திருந்தது. கொறற்றி போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்புறோஸ் பழக்கதோஷத்தில் மானியைப் பார்த்தான். முள் அறுபத்திரண்டில் நின்றது.

கை தானாக யன்னல் பிடிக்குப் போயிற்று. பிடியைத் திருப்பவில்லை.

"என்ன பாக்கிறியள்?" என்றாள். வந்ததிலிருந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"ஈரம் ஏறியிருக்கு."

அவள் மானியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கசெற்றில் அவன் தட்டிக் காட்டிய சுவர். "என்னாலயோ?"

"ஓம்."

"அப்ப யன்னலைத் திறவுங்கோவன்."

"திறப்பம்" என்றான் அம்புறோஸ். "கொஞ்சம் பொறுத்துத் திறப்பம்."